மூன்று சுற்றுச் சோறு: மாவுச்சத்தை அளந்து எடையைக் குறைக்கும் வழி

பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் விடியலுக்கு முன்பே படகைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகிறவர் ஒருவர். அதே வீட்டில் அவருடைய தம்பி மயிலாப்பூரில் ஒரு கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். மதியம் இருவர் தட்டிலும் விழும் சோறு ஒரே அளவு. அண்ணன் வலை இழுத்துவிட்டு வந்திருக்கிறார். தம்பி ஒரு பைக்கில் போய் அதே பைக்கில் திரும்பியிருக்கிறார். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட கணக்குப்படி, உடலுழைப்பு மிகுந்த வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 3,470 கலோரி வேண்டும். உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 2,110 போதும். உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு 1,660. ஒரே வீட்டுக்குள்ளேயே தேவை இவ்வளவு விலகியிருக்கும்போது, சோற்றுப் பானையும் கரண்டியும் மட்டும் எல்லோரையும் ஒன்றாகவே நடத்துகின்றன. எடை கூடுவதன் கதை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

இந்த அத்தியாயத்தில் நான் சோற்றை விடச் சொல்லப் போவதில்லை. அரிசிச் சோறு எங்கள் பாட்டிமார் காலத்தில் பண்டிகை நாளில் கிடைத்த உணவு. மற்ற நாட்களில் கூழும் களியும்தான். 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படி அரிசி என்ற வாக்குறுதி ஓர் ஆட்சியையே மாற்ற உதவியது. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியை விரட்டிய தானியத்தை இன்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு ஒப்பாது. ஆனால் பசியை விரட்ட வந்த அளவே உழைப்பு குறைந்த உடம்பிலும் தொடர்ந்து இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதை மறைக்கவும் கூடாது.

உள்ளே போனதும் என்ன நடக்கிறது

சோறு, இட்லி, சப்பாத்தி, பரோட்டா, உருளைக்கிழங்கு, சர்க்கரை எல்லாமே மாவுச்சத்து இனம். செரிமானத்தில் இவை குளுக்கோசாக உடைந்து ரத்தத்தில் சேரும். கணையம் இன்சுலினைச் சுரக்கும். அது குளுக்கோசைத் தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் அனுப்பும். அங்கே ஓரளவுதான் சேமிக்க முடியும்: ஈரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். கிடங்கு நிறைந்த பிறகும் வந்துகொண்டேயிருந்தால் ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றத் தொடங்கும். ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு கூடியிருக்கிறது, ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு இருக்கிறது என்று டாக்டர் சொல்லும்போது, எண்ணெய்ப் பலகாரத்தை மட்டும் நினைத்து வருந்துகிறோம். வெள்ளைச் சோறும் டீயில் போட்ட சர்க்கரையும் அதில் பங்காளிகள்.

தசையை உழைக்க வைப்பவருக்கு அந்தக் கிடங்கு தினமும் காலியாகிறது. படகில் போகிறவருக்குச் சோறு ஏன் ஒட்டுவதில்லை என்பதற்கு விடை இதுதான். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரங்கள் குறைந்து மோட்டார் பொருத்திய ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. துடுப்புப் போட்டுக் கரைதொட்ட தலைமுறையின் உழைப்பு இப்போது கடலுக்குப் போகிறவர்களுக்கே முழுதாக இல்லை. கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

கோபாலபுரத்தில் கண்டுபிடித்தது

நாம் எவ்வளவு மாவுச்சத்து சாப்பிடுகிறோம் என்று தெரிந்துகொள்ள அமெரிக்கப் புத்தகம் தேவையில்லை. பட்டினப்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், கோபாலபுரத்தில், டாக்டர் வி. மோகன் நிறுவிய மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இருக்கிறது. 2001இல் அவர்கள் சென்னை நகரத்தில் 26,001 பேரை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அதன் ஒரு பகுதியாக 2009இல் வெளிவந்த கட்டுரை, சென்னைக்காரர்களின் அன்றாடக் கலோரியில் கிட்டத்தட்ட பாதி தீட்டிய தானியத்திலிருந்து, முக்கியமாக வெள்ளை அரிசியிலிருந்து, வருகிறது என்று காட்டியது. தீட்டிய தானியம் அதிகம் சாப்பிட்டவர்களிடம் இடுப்புச் சுற்றளவும் டிரைகிளிசரைடும் கூடுதலாக இருந்தன.

அரிசி வகையை மாற்றினால் போதுமே என்று நினைப்பவர்களுக்கு அதே நிறுவனத்தின் இன்னொரு சோதனை பதில் சொல்கிறது. பொன்னி, சோனா மசூரி, சூர்த்தி கோலம் ஆகிய மூன்று அரிசிகளும் ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகின்றன என்று அளந்தார்கள். இதைக் காட்டும் குறியீட்டு எண் 70க்கு மேல் போனால் வேகமானது. மூன்றுமே 70ஐத் தாண்டின. 'நான் பொன்னிதான் சாப்பிடறேன்' என்பதில் ஆறுதல் இல்லை.

இந்தியா முழுவதும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து இதே நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வின் உணவுப் பகுதி 2022இலும் 2025இலும் வெளிவந்தது. இந்தியர் உணவில் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்து. புரதம் சுமார் 12 விழுக்காடுதான். புதிதாக நீரிழிவு கண்டவர்கள் அதிலிருந்து மீள மாவுச்சத்தை 49 முதல் 54 விழுக்காட்டுக்குக் கொண்டுவரலாம், நீரிழிவின் வாசலில் நிற்பவர்கள் 54 முதல் 57 விழுக்காட்டுக்குள் நிறுத்தலாம், புரதத்தை 20 விழுக்காட்டை ஒட்டி உயர்த்தலாம் என்பது 2022ஆம் ஆண்டு பரிந்துரை. கவனியுங்கள்: பாதி கலோரி அப்போதும் மாவுச்சத்துதான். சோறே கூடாது என்று அவர்களும் சொல்லவில்லை.

2025ஆம் ஆண்டு முடிவு இன்னும் கூர்மையானது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றி, மொத்த அளவை அப்படியே வைத்திருந்தவர்களுக்கு நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தால்தான் அபாயம் குறைந்தது. இந்த நூலில் எடை குறைப்பு பற்றி நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. தானியத்துக்குப் பதில் தானியம் வைக்காதீர்கள். தானியத்தைக் குறைத்த இடத்தில் மீனையோ பருப்பையோ முட்டையையோ சுண்டலையோ வையுங்கள்.

தொடங்கும் முன் மாத்திரையைப் பாருங்கள்

சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்த அன்றே சோற்றைப் பாதியாக்கிவிடாதீர்கள். இன்சுலினும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் நீங்கள் சாப்பிடும் மாவுச்சத்தைக் கணக்கில் வைத்து டாக்டர் நிர்ணயித்தவை. சோறு குறைந்து மருந்து குறையாவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கும்: வியர்வை, நடுக்கம், மயக்கம். அப்படி வந்தால் உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ குடிக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் மாவுச்சத்தை அறவே நீக்கும் கீட்டோ முறைப் பக்கம் போகவே கூடாது; ரத்தம் அமிலமாகும் ஆபத்து இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இது எடை குறைக்கும் காலம் இல்லை.

மூன்று சுற்றை எப்படிக் குறைப்பது

நம் மதியச் சாப்பாட்டின் அமைப்பே சோற்றைக் கூட்டும்படி இருக்கிறது. குழம்புக்கு ஒரு சுற்று, ரசத்துக்கு ஒரு சுற்று, மோருக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றும் புதிதாகச் சோறு கேட்கும். குழம்பு மிச்சமிருந்தால் சோறு, சோறு மிச்சமிருந்தால் குழம்பு என்று நான்காவது சுற்றும் வந்துவிடும். பலரும் ஒரு வேளைக்குச் சாப்பிடும் 400 கிராம் சோற்றில் சுமார் 110 கிராம் மாவுச்சத்தும் 520 கலோரியும் இருக்கின்றன. புரதம் 10 கிராம்தான்.

எடை குறைக்க நினைக்கும், பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு பெண் நாளைக்கு 1,500 கலோரி சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி மாவுச்சத்து என்றால் 185 கிராம் சொச்சம். காய், பருப்பு, பால், பழத்தில் இருக்கும் மாவுச்சத்தைக் கழித்தால், நாள் முழுவதற்கும் சமைக்காத தானியமாக 150 கிராம் அளவுதான் அவருக்கு இடம் இருக்கிறது. இட்லி மாவுக்கு ஊறிய அரிசியும் உப்புமா ரவையும் இந்த 150க்குள் அடக்கம். 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறாகும். மதியம் 150 கிராம் சோறு என்பது அவருக்குச் சரியான அளவு. முதல் வாரம் ஒரு சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டுக் கிண்ணத்தில் அது எந்தக் கோடுவரை வருகிறது என்று கண் பழகிவிடும்.

அளவைத் தட்டில் முடிவு செய்யாதீர்கள். அரிசி களையும்போதே முடிவு செய்யுங்கள். பானையில் இருக்கும் சோற்றை வீணாக்கக் கூடாது என்பது நம் வீடுகளின் தர்மம். மிஞ்சியதை எடுத்துப் போட்டுக்கொள்கிறவர் பெரும்பாலும் அம்மாதான். கடைசியாகச் சாப்பிட உட்காரும் அவருக்கு மீன் தீர்ந்திருக்கும், குழம்பும் சோறும் மிஞ்சியிருக்கும். இந்தப் பகுதிப் பெண்கள் பலருக்கு எடை கூடுவதில் அந்தக் கடைசிப் பந்திக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அம்மாவுக்கான இரண்டு துண்டு மீனைச் சமைத்தவுடன் தனியாக எடுத்து வைப்பதுதான் இந்த வீடுகளில் எடை குறைப்பின் முதல் வேலை.

மூன்று சுற்றையும் வைத்துக்கொள்ளலாம். சுற்றுக்கு ஒரு சிறு கரண்டி சோறு. ரசத்தையும் மோரையும் டம்ளரில் ஊற்றிக் குடித்தால் இரண்டு சுற்றுச் சோறு தானாகவே போய்விடும். பலருக்கு இதுவே சுலபமாக இருக்கிறது. 'சோறு இல்லன்னா சாப்ட்ட மாதிரியே இல்லக்கா' என்று சொல்கிறவர்கள் முதலில் பொரியலையும் மீனையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டு, சோற்றை நிறைவாகக் கடைசியில் எடுத்துக்கொள்ளட்டும். காயும் புரதமும் முன்னால் போனால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. வயிறும் பாதி நிறைந்திருக்கும்.

லூப் ரோட்டில் என்ன வாங்குவது

மாவுச்சத்தைக் குறைப்பதற்குச் சென்னையிலேயே வசதியான இடம் இந்தக் கரைதான். நொச்சிக்குப்பத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை கடலோரமாகப் போகும் லூப் ரோட்டை ஒட்டி மீன் கிடைக்கிறது. எந்த மீனிலும் மாவுச்சத்து இல்லை; 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் புரதம். வஞ்சிரமும் வவ்வாலும் வாங்கினால்தான் சத்து என்று யாரும் நினைக்க வேண்டாம். மத்தி, கவலை, நெத்திலி, காணாங்கெளுத்தி ஆகியவை விலையும் குறைவு, இதயத்துக்கு நல்ல ஒமேகா 3 கொழுப்பும் அதிகம். நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் சேரும்.

மீன் குழம்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. புளியும் மிளகாயும் சேர்ந்து அது சோற்றை இழுக்கும்; சாம்பாரைவிட மீன் குழம்பு நாளில்தான் வீடுகளில் சோறு அதிகம் செலவாகிறது. அதனால் குழம்பில் துண்டுகளைக் கூட்டி, அவற்றைத் தனியாகக் கிண்ணத்தில் எடுத்துச் சாப்பிடுங்கள். வறுவல் வேண்டுமென்றால் தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் தடவிப் போடுங்கள். மசாலாவில் மொறுமொறுப்புக்காகச் சேர்க்கும் அரிசி மாவும் சோள மாவும் எண்ணெயைக் குடிக்கும், மாவுச்சத்தையும் கூட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டுக்கு வரத்து நின்றால் நகரம் முழுவதும் விலை ஏறும். பட்டினப்பாக்கத்து ஃபைபர் படகுகளுக்கு இந்தத் தடை இல்லை என்றாலும், விலை இங்கேயும் சேர்ந்தே ஏறும். அந்த மாதங்களில் முட்டைக்கும் பயறுக்கும் மாறுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்தால் சுமார் 10 கிராம். கருவாடு புரதம் நிறைந்ததுதான். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதன் உப்புக்காக ஒதுங்க வேண்டும். சென்னாங்குனியைக் கத்திரிக்காய், முருங்கைக்கீரையோடு சேர்த்து வதக்கினால் கொஞ்சம் போட்டாலே கறிக்கு ருசி வந்துவிடும், தட்டில் காயின் பங்கும் பெருகும்.

காலை நாஷ்டா, மாலை டீ

மதியச் சோற்றைக் குறைத்தும் எடை அசையவில்லை என்பவர்களிடம் நான் கேட்பது காலையும் இரவும்தான். இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம், ஆப்பம் எல்லாம் அரிசி. சோறு இல்லாத இரண்டு வேளை என்று நாம் நினைப்பவை வேறு வடிவத்தில் வந்த சோறு. நடுத்தர இட்லி ஒன்றில் 10 கிராம் மாவுச்சத்து. மூன்று இட்லி, ஒரு கிண்ணம் கெட்டியான பருப்புச் சாம்பார், ஓர் அவித்த முட்டை என்றால் நல்ல நாஷ்டா. ஐந்து இட்லியும் தேங்காய்ச் சட்னியும் என்றால் பதினொரு மணிக்கே பசிக்கும். பச்சைப்பயறை ஊறவைத்து அரைத்த அடையும் தோசையும் வாரத்தில் இரண்டு நாள் அரிசியின் இடத்தைப் பிடிக்கட்டும்.

பழைய சோறு பற்றி நிறையக் கேட்கிறார்கள். வெந்து ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து ஓரளவு கூடுகிறது என்பது உண்மை. கூடும் அளவு 100 கிராம் சோற்றுக்கு ஒரு கிராம் சொச்சம்தான். நீராகாரமாக, சின்ன வெங்காயத்தோடும் மோரோடும் அளவாகக் குடிப்பது நல்ல வழக்கம். எடை குறைக்கும் மருந்தென்று நினைத்து ஒரு சட்டி சாப்பிடுவது நல்லதில்லை. கேழ்வரகுக் கூழுக்கும் அதே நியாயம். கேழ்வரகில் கால்சியம் அரிசியைவிடப் பல மடங்கு, நார்ச்சத்தும் உண்டு. ஆனால் 100 கிராமில் கிட்டத்தட்ட 70 கிராம் மாவுச்சத்து. மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் வேகமாகவே செரிக்கும். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழை மனநிறைவோடு குடியுங்கள், அன்று ஒரு வேளைத் தானியத்தைக் குறைத்துக்கொண்டு.

கைக்குத்தல் அரிசிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் தருவேன். கோபாலபுர ஆய்வாளர்கள் 15 பேரை வைத்துச் செய்த சிறிய சோதனையில், வெள்ளைச் சோற்றுக்குப் பதில் தீட்டாத அரிசிச் சோறு சாப்பிட்ட நாட்களில் 24 மணி நேரச் சர்க்கரை ஏற்றம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. வேக நேரமாகும், மெல்லவும் நேரமாகும். மெல்ல நேரமாவதால் அளவும் தானாகக் குறைகிறது.

டீக்கடையில் ஒரு டம்ளருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 10 கிராம், 40 கலோரி. நாளைக்கு நான்கு டீ குடிப்பவர் 160 கலோரியை வெறும் இனிப்பாக உள்ளே விடுகிறார். 'அண்ணா, ஒரு டீ, சர்க்கரை பாதி' என்று இரண்டு வாரம் சொல்லுங்கள், பிறகு 'சர்க்கரை இல்லாம' என்று சொல்லுங்கள். நாக்கு பழகிவிடும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றும் இந்தக் கணக்கில் வெள்ளைச் சர்க்கரையின் உடன்பிறப்புகளே. மாலையில் கடற்கரைக்குப் போனால் மிளகாய் பஜ்ஜியை விட்டுவிட்டு தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலை வாங்குங்கள். மணலில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறிய சர்க்கரையில் ஒரு பகுதியைக் காலே எரித்துவிடும்.

தராசு காட்டுவதும் காட்டாததும்

மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் முதல் வாரத்திலேயே ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கும். உடம்பில் சேமித்த ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சேமிப்பு கரையும்போது தண்ணீரும் போகிறது. அது கொழுப்பு இல்லை. ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டால் அடுத்த நாளே திரும்பி வரும். இதை அறியாமல் முதல் வாரம் கொண்டாடி, மூன்றாம் வாரம் மனமுடைந்து விட்டுவிடுகிறவர்கள் அதிகம். வாரத்துக்கு அரைக் கிலோ நல்ல வேகம்.

சோற்றை அறவே விட்டவர்களுக்கு இன்னும் வேகமாக இறங்குமா? அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மாவுச்சத்தையும் மறு பிரிவுக்குக் கொழுப்பையும் குறைத்து ஓராண்டு கண்காணித்தது. 2018இல் வந்த முடிவில் முதல் பிரிவு சராசரியாக 6.0 கிலோவும் இரண்டாவது 5.3 கிலோவும் குறைந்திருந்தன. கணக்கில் எடுக்கும்படியான வித்தியாசம் இல்லை. இரு பிரிவினரும் சர்க்கரையையும் மைதாவையும் விட்டார்கள், காய்கறியைக் கூட்டினார்கள். ஓராண்டு தொடர்ந்து செய்யக்கூடிய முறை எதுவோ அதுவே உங்கள் முறை. மீனும் இரண்டு கரண்டிச் சோறும் உள்ள தட்டை இந்தக் கரையில் ஓராண்டு மட்டுமில்லை, ஆயுளுக்கும் தொடரலாம்.

தராசோடு ஒரு தையல் டேப்பும் வாங்கி வையுங்கள். காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி அளக்க வேண்டும். இந்தியர்களுக்கான வரம்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. பார்க்க ஒல்லியாக இருந்தும் வயிறு மட்டும் தள்ளியிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு எடையைவிட இந்த எண்தான் முக்கியம். மாதம் ஒருமுறை அளந்து, சமையலறை நாள்காட்டியில் அந்தத் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டு மாதம் அசையாமல் நின்றால் மதியத் தட்டை விட்டுவிட்டு இரவு எட்டு மணிக்கு மேல் சாப்பிடுவதை ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். பரோட்டாவும் தோசையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.